எழாத கணினியின் முன்னே

ஆரணியின் நெசவுத் தெருக்களில் காலையில் நடந்தால், திண்ணையைத் தாண்டி வரும் தறியோசை நம்மோடு கூடவே வரும். அந்த ஓசைக்குப் பின்னால் இன்று ஒரு கணினியும் இருக்கிறது. முன்பு கட்டத்தாளில் புள்ளி வைத்து வரைந்து, அதைப் பார்த்து அட்டை அடித்து, ஜக்கார்டு பெட்டியில் மாட்டினார்கள். இப்போது மயிலும் அன்னமும் மாங்காயும் பெரும்பாலும் திரையில்தான் முதலில் உருப்பெறுகின்றன. ஒரு நாள் பொத்தானை அழுத்தியும் அந்தக் கணினி எழவில்லை என்றால், பாவு ஏற்றிய தறி காத்துக் கிடக்கும். முகூர்த்தத்துக்கு ஒப்புக்கொண்ட புடவை தள்ளிப்போகும். அந்த வேளையில் மனம் என்ன செய்கிறது என்பதைப் பற்றியே என் எண்ணம் சுற்றுகிறது.

கணினி, தறிக்கு அந்நியமல்ல. 1804-இல் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மாரி ஜக்கார்டு பட்டுத்தறிக்கு உருவாக்கிய துளையட்டைமுறையைத்தான், சார்லஸ் பாபேஜ் 1830-களில் தம் கணக்கிடும் எந்திரத்துக்கு எடுத்துக்கொண்டார். அட்டையில் துளை இருந்தால் இழை எழும்; இல்லாவிட்டால் எழாது. கணிப்பொறியின் மூதாதைகளில் ஒன்று பட்டுத்தறி என்று நினைக்கும்போது, இந்த ஊரில் அது இருப்பது எனக்கு மனநிறைவாக இருக்கிறது.

திரை இருண்டதும் மனம் சொல்லும் முதல் சொல் 'போச்சு'. எதையும் பார்ப்பதற்கு முன்பே அது தீர்ப்பு எழுதிவிடுகிறது. பாவில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் அப்படிச் சொல்வதில்லை. நாடாவை நிறுத்துகிறார், அறுந்த இடத்தைக் கண்ணால் தேடுகிறார், விழுதிலும் அச்சிலும் இழையை மறுபடி கோத்து முடிச்சிடுகிறார். அந்த நிதானத்தையே கணினியின் முன்னும் கொண்டுவர வேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே போவதே முறை. சுவரில் மின்சாரம் வருகிறதா? அதே பிளக்கில் வேறொரு விளக்கை எரிய வைத்துப் பாருங்கள். யுபிஎஸ் தன் பேட்டரி தளர்ந்து மௌனமாகிவிட்டதா? கணினிப் பெட்டியின் பின்புறம் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா, அங்குள்ள சிறு சுவிட்ச் அணைந்திருக்கிறதா? மின்விசிறி சுழன்றும் திரை மட்டும் இருட்டாக இருந்தால், மானிட்டரையும் அதன் கேபிளையும் முதலில் பார்க்கலாம். எல்லாம் சரியென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்னூட்டம் வடியும். மறுபடி மாட்டியதும் எழுந்துவிடும் கணினிகள் உண்டு. எழாவிட்டால், பிளக்கைக் கழற்றிய பிறகே பக்கவாட்டு மூடியைத் திறந்து தூசியை அகற்றி, ராம் அட்டையை எடுத்து அதன் பொன்னிற விளிம்பை மெல்லத் துடைத்து, இருபுறமும் 'க்ளிக்' என்று பொருந்தும்வரை அழுத்துங்கள். பிரின்டர், பென் டிரைவ் எனக் கூடுதலாக மாட்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அதன் பின் ஒரு சோதனை.

ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்கும் இந்த வழி நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்குப் பழக்கமானதே. 1896-இல் திருவண்ணாமலைக்கு வந்த ரமணர், சில ஆண்டுகள் கழித்துச் சிவப்பிரகாசம் பிள்ளையின் கேள்விகளுக்குத் தந்த விடைகளே 'நான் யார்?' என்னும் சிறுநூலாயின. உடல் நானல்ல, புலன்கள் நானல்ல, மனமும் நானல்ல என்று விலக்கிச் சென்று, எஞ்சி நிற்பதைக் காணச் சொன்னார். இயந்திரத்தை ஆன்மாவோடு வைத்து நான் எண்ணவில்லை. தேடும் நெஞ்சு இரண்டிடத்திலும் ஒன்றுதான் என்கிறேன். விலக்கும்போது அச்சமும் விலகினால்தான் எஞ்சியது கண்ணில் படும்.

உறக்கத்திலும் நாம் இல்லாமல் போவதில்லை என்று ரமணர் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். அணைத்து வைத்த கணினியிலும், பிளக் மாட்டியிருக்கும்வரை, எஸ்எம்பிஎஸ் என்னும் மின்பெட்டியிலிருந்து 5 வோல்ட் மின்சாரம் மதர்போர்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. பொத்தானின் தொடுகைக்காக அது விழித்திருக்கிறது. தொட்டதும் மின்பெட்டி தன் மின்னழுத்தங்கள் நிலைப்பட்டனவா என்று பார்த்து, அரை வினாடிக்குள் 'சரி' என்னும் சைகையை அனுப்புகிறது. அந்தச் சைகை வரும்வரை பிராசஸர் கட்டளை எதையும் தொடாமல் காத்திருக்கும். நிலைப்படாமல் தொடங்கக் கூடாது என்ற இந்த ஒழுக்கத்தை வணங்கத் தோன்றுகிறது.

ஆயுத பூஜையன்று தறிக்கும் கணினிக்கும் சந்தனம், குங்குமம் இடுகிறோம். இடத்தான் வேண்டும். ஆனால் மாதம் ஒருமுறை தூசி துடைப்பதையே அதைவிடப் பெரிய வழிபாடாக நான் கருதுகிறேன்.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் பிறகும் கணினி எழாவிட்டால், பழுது பெரும்பாலும் எஸ்எம்பிஎஸ்ஸிலோ மதர்போர்டிலோ இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் நீங்களே திறக்காதீர்கள். அதிலுள்ள கெபாசிட்டர்கள் பிளக்கைக் கழற்றிய பின்னும் உயிருக்கு ஆபத்தான மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அறிந்தவர் கையில் கொடுங்கள். மின்பெட்டி பழுதானாலும் ஹார்டு டிஸ்க்கில் உள்ள டிசைன்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். 'பெரும்பாலும்' என்பதை நம்பி இருந்துவிட வேண்டாம். கணினி நன்றாக ஓடும் இன்றைக்கே உங்கள் டிசைன்களுக்கு ஒரு பிரதி எடுத்து, வேறிடத்தில் வைத்துவிடுங்கள்.