கரையில் வைத்த தேங்காய்

துறைமுகம் இல்லாத தீவுகளுக்குச் சிறிய கப்பலில் சென்று, ரப்பர்ப் படகில் கரையிறங்கி, அங்குள்ள உயிரினங்களையும் சிற்றூர் வாழ்க்கையையும் கண்டுவரும் சுற்றுலாவை ‘எக்ஸ்பெடிஷன் குரூஸ்’, அதாவது தேடல் கப்பற்பயணம், என்பர். ஸ்வீடனில் பிறந்த லார்ஸ் எரிக் லிண்ட்பிளாட் 1966இல் அண்டார்க்டிகாவுக்கும் மறு ஆண்டு கலாபகோஸ் தீவுகளுக்கும் பயணிகளை அழைத்துச் சென்றதிலிருந்து வளர்ந்த இவ்வழக்கம், இன்று பசிபிக் தீவுகளின் சிற்றூர்கள் வரை பரவியுள்ளது. அவ்வூர்கள் பலவற்றில் கரையேறும் விருந்தினர் கையில் முதலில் தரப்படுவது இளநீர். வீட்டுக்காரர் கொடுக்கிறார், வந்தவர் பெறுகிறார் என்ற வரிசை அங்கே மாறுவதில்லை. அந்தமானைச் சேர்ந்த வட சென்டினல் தீவில் மட்டும் அவ்வரிசை தலைகீழானது. அங்கே தேங்காயைச் சுமந்து சென்றவர்கள் எப்போதும் வந்தவர்களே.

2025 மார்ச் 29 அன்று அமெரிக்க இளைஞர் ஒருவர் காற்றடைத்த படகில் தனியே அத்தீவை அடைந்து, கரையில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் நின்று, ஒரு தேங்காயையும் ஒரு டயட் கோக் கேனையும் வைத்துவிட்டுத் திரும்பினார். இரண்டு நாளில் கைதானார். வெளியாரின் தொடர்பை ஏற்காது வாழும் சென்டினல் மக்களின் தீவுக்குள் நுழைவதை 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை தடுக்கிறது; பிறருக்குச் சில நாள் காய்ச்சலாகக் கழிந்துபோகும் நோய், அதை எதிர்கொண்டே அறியாத உடல்களுக்கு ஊரையே காலிசெய்யும் கொள்ளைநோயாகலாம் என்பது அதற்கு வலுவான காரணம். ஆகவே குற்றத்தில் ஐயமில்லை. அந்தக் கேனைக் கண்டிப்பதும் எளிது. மனத்தை விட்டு அகலாமல் உறுத்துவது கேனுக்குப் பக்கத்தில் இருந்த தேங்காய்.

அந்தத் தேங்காய்க்கு ஒரு முன்கதை உண்டு. 1967 முதல் அத்தீவுக்குச் சென்றுவந்த திரிலோக்நாத் பண்டிட் உள்ளிட்ட மானிடவியலாளர்கள், அதாவது மனித சமூகங்களின் வாழ்முறையை ஆராய்வோர், தென்னை வளராத அத்தீவுக்குத் தேங்காயையே நட்பின் அடையாளமாகக் கொண்டுசென்றனர். 1991 ஜனவரி 4 அன்று தர்முக்லி என்னும் கப்பலில் சென்ற குழுவிடமிருந்து அம்மக்கள் கடலுக்குள் இறங்கிவந்து தேங்காய்களை எடுத்துக்கொண்டனர்; குழுவிலிருந்த மதுமாலா சட்டோபாத்யாயை நோக்கி ஓர் இளைஞன் வில்லை வளைக்க, அருகில் நின்ற பெண்ணொருத்தி அவனைத் தள்ளிவிட, அம்பு தண்ணீரில் விழுந்தது என்பது அவர் சொன்ன செய்தி. அந்தப் பெண்ணின் கை இல்லையென்றால் தேங்காயின் கதை வேறாக முடிந்திருக்கும். 1990களின் நடுப்பகுதியில் அரசே அப்பயணங்களை நிறுத்தியது.

இன்னும் பின்னே போனால் 1880 வருகிறது. போர்ட்மன் என்னும் ஆங்கிலேய அதிகாரி அத்தீவிலிருந்து முதிய தம்பதியரையும் சில குழந்தைகளையும் போர்ட் பிளேருக்குப் பிடித்துச் சென்றார். அவர்கள் நோயுற்று, முதியவர் இருவரும் இறந்துபோக, குழந்தைகள் பரிசுப்பொருள்களோடு தீவில் திரும்ப விடப்பட்டனர். பரிசு என்ற சொல்லை அவ்விடத்தில் எழுதவே கை கூசுகிறது.

தேங்காய் என்றதும் கொங்கு நாட்டுப் பிள்ளைக்கு நினைவில் எழுவது பொள்ளாச்சித் தோப்புகள் மட்டுமல்ல. சேலம், ஈரோடு, நாமக்கல், கரூர்ப் பகுதிகளில் ஆடி முதல் நாளன்று தேங்காய் சுடும் பண்டிகை நடக்கும்; ஓட்டின்மேல் உள்ள நாரைத் தரையில் தேய்த்து வழவழப்பாக்கி, மூன்று கண்களில் ஒன்றைத் திறந்து, அவலும் பொட்டுக்கடலையும் எள்ளும் வெல்லமும் உள்ளே அடைத்து, அழிஞ்சில் குச்சியைச் செருகித் தீயில் வாட்ட, ஓடு கருகி வெடிக்கும்போது தெரு முழுதும் மணக்கும். பிள்ளையாருக்குப் படைத்த பின் அது பங்கிடப்படும். பக்கத்து வீட்டுக்குப் போகும் கிண்ணம் வெறுமனே திரும்பி வராது, ஒரு பிடி சர்க்கரையாவது அதில் இருக்கும். ஒருவர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பதும், கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்பதும் அங்கே வளரும் பிள்ளை எழுத்தறியும் முன்பே அறிந்துகொள்ளும் இரண்டு விதிகள். மூன்றாவது ஒன்று உண்டு: விசேஷ வீட்டில் எழுதும் மொய், அதாவது திரும்பச் செய்ய வேண்டிய கணக்கோடு தரும் பணம், அழைப்பு வந்த வீட்டில்தான் எழுதப்படும். அழையாத வீட்டில் எவரும் மொய் எழுதுவதில்லை.

பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை, எப்போதோ படித்துப் பாதி மறந்தவர்க்கும் மூன்று கடமைகளாக நினைவில் நிற்கும்: கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட சான்றுகளுள் ஒன்று தீவுப்பயணமே. பப்புவா நியூகினியைச் சேர்ந்த டிரோபிரியாண்ட் தீவினர் சங்குக் காப்புகளையும் சிப்பி மாலைகளையும் சுமந்து, கடல் கடந்து கைமாற்றும் ‘கூலா’ என்னும் வழக்கத்தை மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922இல் விரிவாக விளக்கியிருந்தார். ஆகவே பரிசோடு தீவுக்குப் போவதே தவறென்று சொல்ல முடியாது. ஆனால் கூலாப் படகு தனக்கெனக் காத்திருக்கும் கூட்டாளியிடம் போயிற்று. அவருக்கும் ஒருநாள் படகேறித் திரும்ப வரும் வழி இருந்தது. சென்டினல் மக்களிடமிருந்து கிண்ணம் திரும்ப வர வழியில்லை. வேண்டாம் என்று சொல்ல அவர்களிடம் இருக்கும் மொழி, வந்தவர்க்குப் புரியும் அளவில், அம்பு ஒன்றே.

இவ்வாறு வாதிட்டால் 1991இன் தேங்காயும் தப்புவதில்லை. அந்தமானில் காட்டுச்சாலையோரம் வாழும் ஜாரவா மக்களையும் தேங்காயும் வாழைப்பழமும் கொடுத்தே அணுகினர். 1997க்குப் பின் அவர்கள் தாமாக வெளியே வரத் தொடங்கினர். 1999இல் தட்டம்மை பரவியது. பின்னாளில் சுற்றுலா வண்டிகளிலிருந்து அவர்களுக்குத் தின்பண்டம் வீசப்பட்டது. ஆய்வாளரின் அக்கறையையும் அந்த இளைஞரின் துணிச்சலையும் ஒரே தட்டில் வைப்பது நியாயமாகாது என்று அறிவு சொல்கிறது. எனினும் அவ்விருவருடைய கையிலும் இருந்த பொருள் ஒன்றாகவே இருக்கிறது. தேங்காய் யாரும் கொண்டுபோகாமலே கடலில் மிதந்து தொலைகரையில் ஒதுங்கும் தன்மையுடையது. அப்படி ஒதுங்கியதை எடுப்பதற்கும், யாரோ வைத்துப்போனதை எடுப்பதற்கும், அன்று வில்லேந்தியவனைத் தள்ளிவிட்ட பெண்ணுக்கு வேறுபாடு இருந்ததா என்பதை இக்கரையிலிருந்து சொல்ல இயலவில்லை.