அணியில் நிற்பவனின் முறையீடு

உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் வாழும் நம் மக்களுள் பலர் இராவுத்தர் என்னும் பெயரைச் சுமந்து வருகின்றனர். குதிரை வீரர் என்பது அச்சொல்லின் பொருள். இன்று நம்மிடம் குதிரையும் இல்லை, வாளும் இல்லை; திராட்சைப் பந்தலும் ஏலக்காய் வாணிபமுமே மிஞ்சின. ஆயினும் படையினருக்கு இப்பள்ளத்தாக்கு பட்ட கடன் பெரிது. 1895இல் நிறைவெய்திய பெரியாற்று அணையைக் கட்டிய பென்னிகுவிக் ஓர் இராணுவப் பொறியாளர். அவரோடு காட்டில் காய்ச்சலையும் வெள்ளத்தையும் தாங்கி உழைத்தவர்களுள் மதராஸ் பயனியர் படையின் சிப்பாய்களும் இருந்தனர். பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் மணிமண்டபம் எழுந்துள்ளது. சிப்பாய்களின் பெயர்களை நாம் அறியோம்.

பெயரற்ற அச்சிப்பாயை முன்னிறுத்தியே ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறோம். கீழ்ப்படிவதாக உறுதி கூறிப் படையில் சேர்ந்தவன், நீதி கேட்கும் உரிமையையும் அன்றே கையளித்துவிட்டவனா?

பத்ருப் போர்க்களத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இப்னு இஸ்ஹாக் வழியாக ஸீரா நூல்கள் உரைக்கின்றன. நாயகம் (ஸல்) அவர்கள் கையில் ஓர் அம்புடன் அணியைச் சீர்செய்து வருகிறார்கள். ஸவாத் இப்னு கஸிய்யா (ரலி) வரிசையை விட்டுச் சற்றே முன்னால் நிற்கிறார். அம்பால் அவர் வயிற்றில் குத்தி, நேராக நிற்கப் பணிக்கிறார்கள். தமக்கு நோவு உண்டாயிற்று என்றும், அதற்கு ஈடு வேண்டும் என்றும் ஸவாத் கேட்கிறார். எதிரே பகைவர் திரண்டு நிற்கும் நேரம் அது. நாயகம் (ஸல்) அவர்கள் தம் மேனியைத் திறந்து காட்டி ஈடு செய்துகொள்ளுமாறு கூறுகிறார்கள். ஸவாத் அவர்களைத் தழுவி முத்தமிடுகிறார்.

மிம்பர்களில் இதனை அன்பின் கதையாகவே கேட்டுப் பழகியிருக்கிறோம். அன்பு அதன் முடிவில்தான் வருகிறது. தொடக்கத்தில் இருப்பது ஒரு வழக்கு. படைத்தலைவர் மீது போர்வீரன் தொடுத்த வழக்கு அது. அதைக் கேட்டதனால் பத்ரின் அணி குலைந்துவிடவில்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆங்கிலேயர் காலத்தில் குமுளிக் கணவாய்க்குக் கிழக்கே பிறந்து இந்தியப் படையில் சேர்ந்தவன் 1911ஆம் ஆண்டின் இராணுவச் சட்டத்துக்கு உட்பட்டவன். மலைக்கு மேற்கே திருவிதாங்கூர் மன்னரின் நாயர் படை இருந்தது. அது சமஸ்தானத்தின் படை. விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் இணைந்தபோது அப்படையும் இந்தியப் படையில் கலந்து, மதராஸ் ரெஜிமெண்டின் 9ஆம், 16ஆம் பட்டாளங்களாயிற்று. 1950இல் நாடெங்கும் ஒரே இராணுவச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மலையின் இருபுறத்துச் சிப்பாய்க்கும் ஒரே அளவுகோல் கிடைத்தது என்று மகிழலாம். ஆனால் அந்த அளவுகோலின் பெரும்பகுதி 1911ஆம் ஆண்டினுடையது. குடிமக்களை ஆண்ட அந்நியன் தன் கூலிப்படையை அடக்க வகுத்த முறை, சுதந்திர நாட்டின் சிப்பாய்க்கும் பொதுவாயிற்று.

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தேசியக் காவற்படை உண்டு. மத்திய இராணுவ நீதிச் சட்டம் 2016இல் திருத்தப்பெற்று 2019இல் நடைமுறைக்கு வந்தபின், மாநிலங்கள் பலவும் தத்தம் சட்டங்களை அதற்கு ஒப்ப மாற்றி வருகின்றன. ஒப்பாக்குவது நன்றே. எதனோடு ஒப்பாக்குகிறோம் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம் சட்டத்தில் சம்மரி கோர்ட் மார்ஷல் என்றொரு விசாரணை முறை உண்டு. பட்டாளத்தின் கட்டளை அதிகாரி ஒருவரே அங்கே மன்றம். உடன் அமரும் இருவருக்குத் தீர்ப்பில் பங்கில்லை. ஓராண்டு வரை சிறையிடவும், பணியிலிருந்து நீக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு.

சிக்னல் படை வீரர் ஒருவர், தமக்கு நேர்ந்த கொடுமையைக் கட்டளை அதிகாரியைத் தாண்டி மேலிடத்துக்கு எழுதினார். அதற்காகவே அவ்வதிகாரி அவருக்கு 28 நாள் கடுங்காவல் விதித்தார். காவலில் இருக்கையில் உணவு உண்ணும்படி இட்ட கட்டளையை மீறினார் என்று 1985இல் மீண்டும் விசாரணை வந்தது. எவர் மீது அவர் குறை கூறினாரோ அதே அதிகாரி அந்த மன்றத்திலும் அமர்ந்திருந்தார். ஓராண்டுக் கடுங்காவலும் பணிநீக்கமும் தண்டனை. 1987இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கிப் பணியை மீட்டளித்தது. தன் வழக்குக்குத் தானே நீதிபதியாவது தகாது என்பதும், ஒரு வேளைச் சோற்றை மறுத்தற்கு இத்தண்டனை மிகை என்பதும் அதன் முடிபு.

படைக்கு ஒழுங்கு வேண்டாமோ என்று கேட்பார் உளர். வேண்டும். பனிமலைக் காவல் நிலையில் வழக்கறிஞரை எதிர்பார்த்து அதிகாரி காத்திருக்க இயலாது. அரசியல் சட்டத்தின் 33ஆம் பிரிவு படைவீரரின் அடிப்படை உரிமைகளைக் குறைக்கப் பாராளுமன்றத்துக்கு இடம் தந்ததும் இதனை எண்ணித்தான். ஆயின் உள்நாட்டு முகாமில், போரில்லாக் காலத்தில், எந்த அவசரம் நம்மை நெருக்குகிறது? உடனே தண்டிப்பதற்கு ஒரு காரணம் இருக்கலாம். தண்டித்தபின் மேல்முறையீட்டைத் தடுப்பதற்கு அதே காரணம் போதாது.

கோர்ட் மார்ஷல் தீர்ப்பின் மீது ஒரு மேல்முறையீடுகூட இல்லாத நிலையை 1982இல் உச்ச நீதிமன்றமே வருந்திச் சுட்டியது. நாம் யாரிடமிருந்து இச்சட்டத்தைப் பெற்றோமோ அந்த பிரிட்டன் 1951லேயே மேல்முறையீட்டு மன்றம் அமைத்துவிட்டது. நமக்கு ஆயுதப்படைத் தீர்ப்பாயச் சட்டம் வர 2007 ஆயிற்று. தீர்ப்பாயம் 2009இல் பணி தொடங்கியது. தேனிச் சிப்பாய்க்குச் சென்னையில் ஓர் அமர்வு கிடைத்தது. ஆனால் அதன் தீர்ப்பு தவறென்றால்? பொது முக்கியத்துவமுள்ள சட்டப் பிரச்சினை இருந்தால்தான் உச்ச நீதிமன்றம் செல்லலாம் என்கிறது சட்டம். உயர் நீதிமன்றங்கள் இவ்வழக்குகளை ஏற்றல் ஆகாது என்று 2015இல் ஒரு தீர்ப்பு வந்தது. வெறும் சம்பளக் கணக்கிலோ ஊனமுற்றோர் ஓய்வூதியத்திலோ பிழை நேர்ந்த சிப்பாய், டில்லிக்குப் போகவும் வகையின்றி, மதுரைக்குப் போகவும் வழியின்றி நின்றான். எட்டாண்டு கழித்து, 2023இல்தான் உயர் நீதிமன்றத்தின் கதவு அடைபடவில்லை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

மேலே இத்தனை படிகள் கட்டப்பட்டுவிட்டன. ஆயினும் முதல் படியில், கட்டளை அதிகாரி ஒருவரே மன்றமாகி அமரும் அந்தச் சம்மரி விசாரணை, 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்றும் இருந்து வருகிறது.