மேல்சுமை

சில வருடங்களுக்கு முன் கொடுங்கையூரில் எங்கள் தெருவுக்கு ஒரு கல்லூரியிலிருந்து நான்கு மாணவர்கள் வந்தார்கள். குப்பைமேட்டைச் சுற்றி நிலத்தடி நீர் எப்படி இருக்கிறது என்று ஆய்வாம். எங்கள் போரிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, "ரிசல்ட் வந்தா சொல்றோம் ஆன்ட்டி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. பட்டம் வாங்கியிருப்பார்கள். அம்மா அந்தத் தண்ணீரில்தான் இன்னும் பாத்திரம் கழுவுகிறாள்.

அரிட்டாபட்டிச் செய்தியைப் படித்தபோது அந்த பாட்டில்தான் ஞாபகம் வந்தது. மேலூர் பக்கம் டங்ஸ்டன் இருப்பதை ஆராய்ந்து அறிக்கை தந்தது மத்திய அரசின் புவியியல் ஆய்வு நிறுவனம். 2024 நவம்பரில் ஹிந்துஸ்தான் ஜிங்க் ஏலம் எடுத்த செய்தி வந்த பிறகுதான் ஊர்க்காரர்கள் பலருக்கு விஷயமே தெரிந்தது. அதே அரிட்டாபட்டியை 2022-இல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அறிவித்திருந்தது மாநில அரசு. பெரும் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது.

பல்கலைக்கழகத்தில் நிலவியல் ஆய்வு செய்யும் நண்பனிடம் இதைப் பேசினேன். அவன் திட்டத்துக்குப் பணம் தருவது ஒரு சுரங்க நிறுவனம். "கல்லுக்கு ஏதுடா கட்சி? இருக்கு, இல்லைன்னு சொல்றதுதான் எங்க வேலை. ஆழமா துளை போட எங்க டிபார்ட்மென்ட்ல காசு கிடையாது. அவங்க சாம்பிள் தரலைன்னா ஆராய்ச்சியே இல்ல" என்றான். பொய்யில்லை. அவனைத் திட்டிக்கொண்டு நான் பிடித்திருந்த போனிலும் சுரங்கம் இருக்கிறது.

நானும் யோக்கியன் இல்லை. ஒரு வெளிநாட்டுச் சுரங்கத்துக்கான மென்பொருளில் எட்டு மாதம் வேலை செய்தேன். பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு தாது, தோண்ட என்ன செலவு என்று கணக்குப் போடும். விலை ஏறினால் நேற்றைய வெறும் கல் இன்று தாது. தாதுவுக்கு மேலே கிடக்கும் மண், பாறை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: ஓவர்பர்டன், மேல்சுமை. அந்த மண்ணில் வயல் இருக்கிறதா, சுடுகாடு இருக்கிறதா என்று நான் எழுதிய நிரலில் எங்கும் கேள்வி இல்லை. எனக்கும் அப்போது உறுத்தவில்லை.

பூமிக்கடியில் என்ன இருக்கிறது என்று அறிவது பாவமில்லை. அந்த அறிவை முதலில் யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. ஏலம் கேட்கக்கூடியவனுக்கு முதலில் தெரிந்து, அங்கேயே குடியிருப்பவனுக்குக் கடைசியில் தெரிந்தால், ஆய்வாளர் நடுநிலையில் நிற்கவில்லை. தெரியாமலே ஒரு பக்கம் நின்றுவிட்டார். நிறுவனத்தோடு கையெழுத்துப் போடும்போதே, "முடிவை ஊர்க்காரர்களிடம் தமிழில் சொல்வேன்" என்று ஒரு வரி சேர்க்கலாமே?

நண்பனிடம் கேட்டேன். "அதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டாங்கடா" என்றான்.

"கேட்டுப் பாத்தியா?"

கேட்டதில்லையாம். எட்டு மாதத்தில் நானும்தான் எதையும் கேட்டதில்லை.