யாருக்குச் சொந்தம் இந்த இரத்தம்?



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, கோயமுத்தூரிலுள்ள ஓர் ஆஸ்பத்திரிக்கு அவஸ்தைப்பூசுதல் கொடுக்க என்னை அழைத்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்தபின் இரத்தப்போக்கு நிற்கவில்லை. இரத்த வங்கியிலிருந்து வந்த பைகள் ஒன்றன்பின் ஒன்றாக அவளுக்கு ஏறிக்கொண்டிருந்தன. வெளியே தாழ்வாரத்தில் உறவினர் இருபது பேருக்குக் குறையாமல் நின்றார்கள்.

வங்கியிலிருந்து எடுத்ததற்கு ஈடாக உங்களில் சிலர் கொடுக்க முடியுமா என்று நர்ஸ் வந்து கேட்டார். கணவன் உடனே முன்வந்தான். "வங்கிக்குக் கொடுங்கள், ஆனால் உங்கள் இரத்தத்தை உங்கள் மனைவிக்கு ஏற்ற மாட்டோம்" என்றார் டாக்டரம்மா. மற்றவர்களில் ஒருவர் தமக்குச் சர்க்கரை என்றார். இன்னொருவர் விடிந்தால் வேலைக்குப் போகவேண்டும் என்றார். தேநீர் குடித்து வருகிறேன் என்று போன இருவர் வெகுநேரம் வரவில்லை. பெண்ணின் தகப்பனார், தோட்டம் வைத்துப் பிழைக்கும் பெரியவர், என் அருகில் வந்து மெல்லக் கேட்டார்: "ஏனுங்க சாமி, உள்ள ஏத்தறது யாரு ரத்தமுங்க? நம்ம சனத்து ரத்தந்தானுங்களே?"

தேவ கிருபையால் அந்தப் பெண் பிழைத்தாள். ஆனால் பெரியவரின் கேள்வி என்னை விடவில்லை. நாம் யாருக்கு இரத்தம் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்? யாருடைய இரத்தத்தை வாங்கிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு? இவ்வாரம் இதைப்பற்றி உங்களோடு சற்றுச் சிந்திக்க விரும்புகிறேன்.

பெரியவரைக் குறைகூறி நான் இதை எழுதவில்லை. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது நம் முன்னோர் வாக்கு. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் உள்ள பாசம் கடவுள் வைத்த பாசம். தன் வீட்டாருக்கு ஒன்று என்றால் ஓடிவருவதில் குற்றமில்லை. ஆனால் நம் அன்பு அந்த வாசற்படியோடு நின்றுவிடலாமா என்பதே கேள்வி. "நம்ம சனம்" என்ற சொல்லுக்கு நம் பக்கத்தில் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெற்று ஒரே கோயிலில் முழந்தாளிட்ட பிறகும் அந்தச் சொல்லை நாம் விட்டுவிடவில்லையே!

இரத்தத்தைப்பற்றி மருத்துவம் என்ன சொல்லுகிறது என்று பாருங்கள். ஒரு காலத்தில் ஒருவர் இரத்தத்தை மற்றொருவருக்கு ஏற்றினால் சிலர் பிழைத்தார்கள், சிலர் உடனே மாண்டார்கள். காரணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. வியன்னா நகரில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்ற மருத்துவர், யூதக் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்க மறையைத் தழுவியவர், மனித இரத்தத்தில் வகைகள் உண்டு என்பதை 1901-ம் ஆண்டில் வெளியிட்டார். ஏ, பி, ஓ, ஏபி என்று இன்று நாம் சொல்லுவது அவர் தொடங்கிவைத்த ஆராய்ச்சியின் பலனே. 1930-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூன் 14-ம் தேதியைத்தான் உலகம் இரத்ததான தினமாகக் கொண்டாடுகிறது.

இந்த வகைகள் சாதி பார்த்து வருவதில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் இருவருக்கு இருவேறு வகை இருக்கலாம். பல தலைமுறையாக முகம் பாராத இரு குடும்பங்களுக்கு ஒரே வகை இருக்கலாம். நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1952-ல் டாக்டர் பெண்டேயும் அவருடைய தோழர்களும் பம்பாயில் மிக அபூர்வமான ஓர் இரத்த வகையைக் கண்டுபிடித்தார்கள். எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று சொல்லப்படும் ஓ வகையைக்கூட அது ஏற்றுக்கொள்ளாது. அந்த வகை உடையவருக்கு ஆபத்து வந்தால், நாட்டின் ஏதோ ஒரு மூலையில் அதே வகையுடைய ஒருவரைத் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கிறது. அவர் எந்த மதம், எந்தப் பாஷை என்று கேட்க அப்போது யாருக்கு நேரம்?

இன்னும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. இரத்த உறவுதான் மிகப் பத்திரமானது என்று நாம் எண்ணுகிறோம் அல்லவா? மருத்துவர்கள் அப்படிச் சொல்லுவதில்லை. கொடுப்பவரின் இரத்தத்தில் வெள்ளை அணுக்களும் சேர்ந்து வருகின்றன. சாதாரணமாக, பெறுபவரின் உடல் அவற்றை அந்நியம் என்று கண்டு அழித்துவிடும். கொடுப்பவர் தகப்பனாகவோ, பிள்ளையாகவோ, உடன்பிறந்தவராகவோ இருந்தால், சிலவேளை உடல் ஏமாந்துபோகிறது. தன்னுடையது என்று எண்ணி விட்டுவிடுகிறது. அந்த அணுக்கள் உள்ளே பெருகி, இடம் கொடுத்த உடலையே தாக்குகின்றன. இது அபூர்வம். ஆனால் வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. ஆகவேதான் நெருங்கிய உறவினரின் இரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, அந்த அணுக்களை அடக்கிய பிறகே ஏற்றவேண்டும் என்கிறார்கள். கணவன் இரத்தத்தை மனைவிக்குத் தவிர்ப்பதற்கு வேறு காரணம். அவன் பிள்ளையைச் சுமந்த உடலில் அவன் இரத்தத்தை எதிர்க்கும் பொருள்கள் உண்டாகியிருக்கலாம். இனிப் பிறக்கும் குழந்தைக்கும் அதனால் கேடு வரலாம். பெரியவர் "நம்ம சனத்து" இரத்தத்தைத் தேடினார். அவர் மகளுக்கு நல்லதோ முன்பின் அறியாதவரின் இரத்தம்.

மேலும், இரத்தம் அவசரத்துக்குக் கறந்துகொள்ளும் பொருளல்ல. எடுத்ததை எச்.ஐ.வி., இருவகை மஞ்சள் காமாலைக் கிருமிகள், மேகநோய், மலேரியா ஆகிய ஐந்துக்கும் சோதிக்கவேண்டும். சோதனைக்கு நேரம் ஆகும். இரத்தம் கொட்டிக்கொண்டிருக்கும் தாய் அதுவரை காத்திருக்க முடியாது. நேற்றோ சென்ற வாரமோ யாரோ கொடுத்து வைத்த பைதான் இன்றைக்கு அவளைக் காப்பாற்றும். வைத்திருப்பதற்கும் கெடு உண்டு. சிவப்பணுக்கள் குளிரில் ஐந்தாறு வாரம் தாங்கும். இரத்தம் உறையத் துணைசெய்யும் தட்டணுக்களுக்கு ஆயுசு ஐந்தே நாள். எந்த ஆலையிலும் இதைச் செய்ய முடியாது. ஆகவே தேவைக்கு முன்னதாகவே கொடுக்கவேண்டும். முன்னதாகவே கொடுப்பவர், அது யாருக்குப் போகும் என்று அறியாமல்தான் கொடுக்கவேண்டும்.

அப்படியானால் பணம் கொடுத்து வாங்கினால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். பாப்பரசர் 12-ம் பத்திநாதர், 1956-ம் ஆண்டு மே மாதம் 14-ம் தேதி, கண் தானம் செய்வோரிடம் பேசியபோது இதைத் தொட்டார். கூலி வாங்குவதெல்லாம் பாவம் என்று சொல்லுவது மிகை என்றும், கூலியை மறுத்துக் கொடுப்பது இரத்தம் கொடுப்பவருக்குச் சிறப்பு என்றும் அவர் கருதினார். பசிக்கொடுமையால் இரத்தம் விற்ற ஏழையை நாமும் பழிக்கவேண்டாம். ஆனால் விற்பனை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அனுபவம் காட்டிவிட்டது. காசுக்காக வருகிறவன் தன் நோயை மறைப்பான், மாதத்துக்கு இருமுறையும் வருவான். ஆங்கிலேய அறிஞர் ரிச்சர்ட் டிட்மஸ் 1970-ல் வெளியிட்ட நூலில் இந்த ஆபத்தை எடுத்துக்காட்டினார். 1986-ல் சென்னையில், நம் நாட்டில் முதன்முறையாக எச்.ஐ.வி. கிருமி கண்டறியப்பட்ட பின்பு, ஆபத்து நம் வாசலுக்கே வந்துவிட்டது. உச்ச நீதிமன்றம் 1996-ம் ஆண்டு ஜனவரி 4-ம் தேதி அளித்த தீர்ப்பின்படி, இரத்தத்தை விலைக்குக் கொடுக்கும் தொழில் 1998-ம் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து தடைசெய்யப்பட்டது. இன்று வங்கியில் நாம் செலுத்துவது சோதனைக்கும் பாதுகாப்புக்கும் ஆகும் கட்டணமே தவிர, இரத்தத்தின் விலையன்று.

ஈடு கேட்கும் வழக்கமும் ஒரு வகையில் நெருக்குதல்தான். இருபது உறவினர் முன்னிலையில் "எனக்கு இன்ன நோய் உண்டு, என் இரத்தம் ஆகாது" என்று சொல்ல எத்தனை பேருக்குத் துணிவு வரும்? வெட்கத்துக்கு அஞ்சி உண்மையை மறைத்துக் கொடுத்தால், தொற்று புதிதாக இருந்தால், சோதனையிலும் அது சில நாள் தப்பிவிடக்கூடும். தானாக வருகிறவனுக்கு மறைக்க ஒரு காரணமும் இல்லை. 2002-ம் ஆண்டின் தேசிய இரத்தக் கொள்கை, ஈட்டு முறையை ஒழித்துத் தன்னார்வக் கொடையை வளர்க்கவேண்டும் என்று குறித்தது இதனால்தான். ஆகவே, கேட்கப்படும் கேள்விகளுக்கு உண்மை சொல்லுவதும் தானத்தின் ஒரு பகுதி. கொடுக்கக்கூடாதவர் கொடுக்காமலிருப்பதும் பிறர்சிநேகமே. அவர் வெட்கப்பட வேண்டியதில்லை.

உடம்பு தளர்ந்துவிடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வளர்ந்த மனிதருக்குச் சுமார் ஐந்து லிட்டர் இரத்தம் உண்டு. எடுப்பது 350 அல்லது 450 மில்லிலிட்டர். நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். அணுக்கள் சில வாரங்களில் நிறைந்துவிடும். 18 வயது முதல் 65 வயது வரை, 45 கிலோ எடைக்குக் குறையாமல், இரத்தத்தில் போதிய சத்தோடு இருப்பவர், டாக்டர் சம்மதித்தால் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை.

ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்றொருவர் இருந்தார். 14 வயதில் பெரிய அறுவைச் சிகிச்சை நடந்தபோது, அறியாதவர்களின் இரத்தத்தால் பிழைத்தார். யாருக்கு நன்றி சொல்லுவது? பதினெட்டு வயதானதும் 1954-ல் கொடுக்கத் தொடங்கினார். 2018-ல் வயது வரம்பு தடுக்கும் வரையில் 1,173 முறை கொடுத்தார். கருவிலுள்ள சிசுக்களைக் காக்கும் மருந்துக்கு வேண்டிய அரிய பொருள் அவர் இரத்தத்தில் இருந்தது. 2025-ல் 88-ம் வயதில் இறந்தார். அறியாதவரிடம் பட்ட கடனை அறியாதவருக்கே தீர்த்தார்.

"எனக்குப் பிறன் யார்?" என்று கேட்ட வேதசாஸ்திரிக்குச் சேசுநாதர் இலக்கணம் சொல்லவில்லை. வழியில் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனின் கதையைச் சொன்னார். உதவியவன் அவன் இனத்தானல்ல, சமாரியன். அடிபட்டவனுக்கு மயக்கம் தெளிந்தபோது, "எண்ணெய் வார்த்தவன் நம்ம சனமா?" என்று கேட்டிருப்பானா?

இனி என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த இரவில் தேநீர்க்கடைக்குப் போனவர்களை மனதுக்குள் கடிந்துகொண்டே நின்ற நான், நாற்பது வயதைக் கடந்தும் அதுவரை ஒருமுறைகூட இரத்தம் கொடுத்தவனல்ல. நர்ஸ் உறவினரைக் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. அதையே சாக்காக வைத்துக்கொண்டேன். மறுவாரம் போய்க் கொடுத்தேன். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. பையில் ஓர் எண்ணும் வகையும் எழுதினார்கள். என் பெயரை எழுதவில்லை.

பெரியவருக்கும் பதில் சொல்லிவிட்டேன். "ஐயா, அது யாருடையது என்று எனக்குத் தெரியாது, பெற்றுக்கொண்ட உங்கள் மகளுக்கும் தெரியாது. கடவுளுக்குத் தெரியும்" என்றேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "எனக்கு வயசு ஆயிருச்சுங்க சாமி, பையனைக் கூட்டீட்டுப் போறேனுங்க" என்றார்.

அவிநாசி ரோட்டில் ஆம்புலன்ஸ் போகும் ஓசை கேட்டால், நம்மில் பலர் சிலுவை அடையாளம் வரைந்து ஜெபிக்கிறோம். நல்ல பழக்கம், விடவேண்டாம். ஆனால் அந்த வண்டி போய்ச் சேரும் இடத்தில் நம் வீட்டிலிருந்து போன ஒரு பையும் காத்திருக்குமானால், அந்த ஜெபம் இன்னும் முழுமையாகும் அல்லவா?

உங்கள் பங்குக் குரு