வாசி இல்லாத காசு



திருவீழிமிழலையில் நடந்த அற்புதத்தை நாம் எல்லோரும் சமயபாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். மழை பொய்த்து நாடு பஞ்சத்தில் வாடியது. அப்பர் சுவாமிகளும் திருஞானசம்பந்தப் பிள்ளையாரும் அடியார் கூட்டத்தோடு அவ்வூரில் தங்கியிருந்தார்கள். இறைவன் கனவில் தோன்றி, பஞ்சம் தீரும்வரை நாள்தோறும் ஆளுக்கொரு பொற்காசு தருவதாக அருளினார். கிழக்குப் பீடத்தில் ஒன்று, மேற்குப் பீடத்தில் ஒன்று. அந்தக் காசைக் கொண்டு இரு மடங்களிலும் அடியார்க்கு அமுது படைத்தார்கள்.

கணக்கெழுதிப் பழகிய எமக்கு மனம் நிற்பது அதற்கு அடுத்த இடத்தில். அப்பர் மடத்தில் சோறு நேரத்துக்கு ஆகிவிடுகிறது. பிள்ளையார் மடத்தில் தாமதம். ஏன் என்று விசாரித்தால், அப்பருக்குக் கிடைத்த காசை வணிகர்கள் உடனே வாங்கிக்கொள்கிறார்கள், பிள்ளையார் காசுக்கு வாசி கேட்கிறார்கள் என்று பதில் வருகிறது. வாசி என்றால் வட்டம், கழிவு. பேரம் பேசி முடிய உச்சி கடந்துவிடுகிறது. அப்பர் கையாலே தொண்டு செய்பவர், ஆகையால் அவருக்கு நற்காசு என்பதை உணர்ந்து, பிள்ளையார் பதிகம் பாடிக் குறையில்லாத காசு பெற்றார்.

இறைவன் அங்கே அரிசி மூட்டை தரவில்லை என்பதைக் கவனியுங்கள். அரிசி கடையிலே இருந்தது. அதை வாங்கும் வழிதான் அடியார்களுக்கு இல்லை. 1943ஆம் ஆண்டு வங்காளப் பஞ்சத்தை ஆராய்ந்து அமர்த்தியா சென் 1981இல் எழுதிய நூலின் சாரமும் ஏறத்தாழ இதுவே.

இந்த வாசி பழங்கதையாகிவிடவில்லை. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் வெங்காயத்தையோ கத்தரிக்காயையோ சந்தைக்குக் கொண்டுபோனால், பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவைக் கழிவென்று தள்ளிவிட்டே வியாபாரி கணக்குப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. கூடாதென்று எத்தனையோ தடவை கூட்டங்களில் தீர்மானித்தும் வழக்கம் போகவில்லை. அதைவிடப் பெரிய கழிவு ஒன்று தராசில் தெரிவதில்லை: அன்றைக்குத் தம்புள்ளையில் என்ன விலை போகிறது என்பது வியாபாரிக்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியாது. சீசாவிலிருந்து பல்லறோ சந்தைக்குப் போகும் நாம், அங்கே வியாபாரிகள் ஆளுக்கு ஆள் போட்டியாக விலையைக் கூவுவதைக் கேட்கிறோம். வாங்குபவர் காது திறந்திருந்தால் போதும். ஊரில் விற்பவருக்குக் கூவிச் சொல்ல யாருமில்லை.

எம் வயதினர் 1990களின் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவர்கள். யூரியாவுக்குத் தடை, பற்றரிக்குத் தடை, மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு. பயிருக்கும் வானொலிக்கும் ஒரே பட்டியலில் பூட்டுப் போட்டார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி தேய்ந்துவிடும். அந்த நாளில் சோற்றுக்கு அடுத்தபடியாக எமது வீடுகளில் எல்லோரும் தேடியது செய்தியைத்தான்.

இப்போது எல்லோர் கையிலும் தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. முழு நாடும் இயற்கைப் பசளைக்கு மாறவேண்டும் என்றார்கள். சேதனப் பசளை நல்லதே. ஆனால் ஒரு போகத்துக்குள் போதிய அளவு எங்கிருந்து வரும், எப்படி இடுவது, விளைச்சல் எவ்வளவு குறையும் என்று கமக்காரருக்கு உரிய நேரத்தில் சொன்னவர் எத்தனை பேர்? அந்த நவம்பரில் தடை நீங்கியபோது பெரும்போகப் பயிர் வயலில் நின்றது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவு விலை முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 95 வீதம் கூடியிருந்தது. அதற்குப் பசளை மட்டும் காரணமல்ல, டொலர் தட்டுப்பாடும் ரூபாயின் வீழ்ச்சியும் சேர்ந்தே அடித்தன. இங்கே வீடு துடைத்தும் முதியோரைப் பராமரித்தும் நாம் அனுப்பிய யூரோ ரூபாயாகப் பெருகியது, அரிசியாகச் சுருங்கியது. அதுவும் வாசிதான்.

புதுச்சேரிக்கு அண்மையில் எம்பலம் என்றொரு கிராமம் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் அப்பகுதியில் தகவல் நிலையங்களைத் தொடங்கிய திட்டத்துக்கு, எம்பலத்துப் பெரியோர் தங்கள் கோயிலின் ஒரு பக்கத்தையே கொடுத்தார்கள். சூரிய ஒளியில் இயங்கும் இரண்டு கணினிகள். நெல் விலை முதல் நல்லநேரம் வரை அங்கே கேட்டறியலாம். கடலோரத்து வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளம் தந்த அலை உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவருக்கு அறிவித்தார்கள். கோயில் ஒலிபெருக்கிக்கு இப்படியும் ஒரு வேலை உண்டென்பதை எமது திருவிழாக் குழுவினர் குறித்துக்கொள்ளட்டும்!

எம்பலத்துக் கோயிலுக்கு அப்போது இரண்டு வாசல்கள். ஒன்று சந்நிதிக்குப் போவது. தாழ்த்தப்பட்டவர்கள் அதனுள் நுழைய முடியாது. மற்றது கணினி அறைக்குப் போவது; அதில் யாரும் நுழையலாம். இதைக் கேட்டு நாம் பிறரைக் குறைசொல்ல முடியாது. 1968இல் மாவிட்டபுரத்தில் கோயிற் பிரவேசத்துக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது எமது மண்ணில்தான். யாவரும் நுழையும் வாசலில்தான் சிவன் நின்றிருப்பார் என்று எமக்குத் தோன்றுகிறது.

எமது சங்கத்தில் வெள்ளிதோறும் அன்னதானம் குறையின்றி நடக்கிறது. ஊர்க் கோயில்களுக்கும் பணம் போகிறது. அப்பர் சுவாமிகள் செய்த கைத்தொண்டைப் போல ஒன்றையும் இதனோடு சேர்ப்போம். ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி நிறுவனம் சந்தை விலைகளைத் திரட்டி வெளியிட்டு வருகிறது. பயிர் நோய்க்கு ஆலோசனை கேட்க விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. வாசிக்கத் தெரிந்த இளம்பிள்ளைகள் எம்மிடம் பலர். கிழமைக்கு ஒருமுறை விலைகளைத் தமிழில் சொல்லிக் குரற்பதிவாக ஊருக்கு அனுப்ப அரைமணி நேரம் போதும். குரலாகவே அனுப்புங்கள், எழுத்து வாசிக்கக் கண் தெரியாத அப்பு, ஆச்சிமாரும் தோட்டம் செய்கிறார்கள்.

அடுத்த வெள்ளி பூசை முடிந்ததும் அன்னதானக் கொப்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கொப்பி வைக்கப்பட்டிருக்கும். ஊரில் உறவினர் கமம் செய்பவர்கள் கிராமத்தின் பெயரையும் பயிரையும், அவர்கள் கடைசியாக விற்ற விலையையும் அதில் எழுதிவிடுங்கள். கழிவு எவ்வளவு போனது என்பதையும் மறவாமல் எழுதுங்கள்.