ஒரு குடம் நீரும் ஒரு கூக்குரலும்

சென்ற மாதம் கடத்தூரில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் விருந்துண்டு அமர்ந்திருந்தோம். வெற்றிலைக்குப் பெயர் பெற்ற ஊராயிற்றே, தட்டு காலியாகவில்லை, பேச்சும் ஓயவில்லை. ஜெயகாந்தன் 1966-இல் ஆனந்த விகடனில் எழுதிய ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதை உயர்ந்ததா, அதன் வழிவந்து 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவல் உயர்ந்ததா என்பதே வழக்கு. 1977-இல் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களும் அவையில் இருந்தனர். உரக்கப் பேசியவர்கள் அவர்களே!

நாவலைச் சிறுகதையின் விரிவு என்பது வழக்கம். நமக்கு அது முழுதும் உடன்பாடன்று. மழை மாலையில் அறிமுகமற்ற ஒருவனின் காரில் ஏறிய கல்லூரி மாணவி, சீரழிந்து வீடு திரும்புகிறாள். இதுவரை இரண்டும் ஒன்றே. சிறுகதையில், தாய் முதலில் பதறி அடிக்கிறாள். அண்டை வீட்டார் எட்டிப் பார்த்ததும், மழையில் நனைந்து வந்ததற்காகக் கடிந்ததாகச் சொல்லிச் சமாளிக்கிறாள். பின் மகளின் தலையில் நீரூற்றி, நீ தூயவள் என்கிறாள். நாவலிலோ தாயின் கூக்குரல் ஊருக்குக் கேட்டுவிடுகிறது. அண்ணன் தங்கையைத் துரத்துகிறான். புகலளித்துப் படிக்கவைத்த மாமாவின் பார்வையிலும் களங்கம். கங்கை உயர்ந்த உத்தியோகம் பெற்றும் அந்த மாலையிலிருந்து மீளவில்லை.

இருவர்க்குள் அடங்கிய செய்தியைச் சொல்லிமுடிக்கச் சில பக்கங்கள் போதும். வாசலைத் தாண்டிய செய்திக்கு ஒரு நாவலே வேண்டியிருக்கிறது. ‘காலங்கள் மாறும்’ என்ற பெயரில் தினமணி கதிரில் வாரந்தோறும் இதைப் படித்தவர்கள், கங்கையின் காலம் மாறாததைக் கண்டிருப்பர். நாவலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் கதையை எழுதுகிறார். கங்கை அதைப் படிக்கிறாள், தாயும் படிக்கிறாள். தான் ஊற்றத் தவறிய நீரைப் பிறர் கதையில் காணும் அத்தாயின் நிலையை எண்ணும்போது நம் நெஞ்சு கனக்கிறது.

ஆயினும் நமக்கொரு தயக்கம். மகளிடம் குற்றமில்லையெனில் நீராட்டுவது எதற்கு? அழுக்கு உண்டென்று ஒப்பிய பின்னரன்றோ கழுவ வேண்டும்? தாயின் கருணையை நாம் குறைத்து மதிக்கவில்லை. அவளும் ஊரின் அளவுகோலை முழுதாகக் கைவிடவில்லை என்பதையே சொல்கிறோம்.

இவ்வளவையும் கதவருகே அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த முதிய பெரியம்மா ஒருவர், “அந்தக் காருக்காரன் தலையில் தண்ணீர் ஊற்றியவர் யார்?” என்று கேட்டார்.

சிறுகதையில் அவன் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறான். நாவலில் கங்கையே அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். மனைவியும் மகளும் உள்ளவனாக இருக்கிறான். அவனை எவரும் வீட்டைவிட்டுத் துரத்தியிருக்கவில்லை. இதைப் பெரியம்மாவிடம் சொன்னோம். அவர் ஒன்றும் சொல்லாமல் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.