இசை: தருமமா, பங்கா?

பெசன்ட் நகரிலுள்ள அன்னை வேளாங்கண்ணித் திருத்தலத்திற்குச் சென்றுவரும் நம் மக்களுள் பலர், அதே கடற்கரையின் வடகோடியில், அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ள ஊரூர் ஒல்காட் குப்பத்தைக் கண்டிருப்பர். மீன்பிடித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களின் குடியிருப்பு அது. அடையாற்றில் 1894ஆம் ஆண்டு ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கிய பிரம்மஞான சபைத் தலைவர் ஒல்காட்டின் பெயரைக் குப்பம் இன்றும் சுமந்து நிற்கிறது. 1936இல் கலாக்ஷேத்ரா தோன்றியதும் இதே அடையாற்றில்தான். மார்கழி தோறும் கச்சேரிகளால் நிறையும் மயிலாப்பூர்ச் சபாக்களும் தொலைவில் இல்லை. கால்களுக்கு எட்டும் தூரம் இது. எனினும், தலைமுறை தலைமுறையாகச் செவிகளுக்கு எட்டாத தூரமாக இருந்து வந்தது.

2015ஆம் ஆண்டு அந்தத் தூரத்தைக் குறைக்க ஒரு முயற்சி நடந்தது. கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும், சுற்றுச்சூழல் ஆர்வலர் நித்தியானந்த் ஜெயராமனும், குப்பத்து மக்களும் நண்பர்களும் கூடி, குப்பத்திலேயே கலைவிழா ஒன்றை நடத்தினர். கட்டணமில்லை, முன்வரிசை உரிமையுமில்லை. கர்நாடக இசையும் பரதநாட்டியமும் ஒலித்த அதே மேடையில் பறையாட்டமும் கூத்தும் வில்லுப்பாட்டும் இடம்பெற்றன. அதன் பின்னரும் சில ஆண்டுகள் விழா தொடர்ந்தது. கலையுலகில் அனைவரையும் உள்ளடக்கும் பணிக்காகக் கிருஷ்ணாவுக்கு 2016இல் மகசேசே விருது வழங்கப்பட்டது.

இம்முயற்சியைக் குறித்து இரண்டு எதிர்ப்புகள் எழக்கூடும். முதலாவது: 2004இன் ஆழிப்பேரலையைக் கண்ட கடற்கரை இது, மீன்வளம் குறைந்துவரும் காலம் இது, இங்கு வேண்டுவது வலையும் படகும் வீடும்தானே, வயலின் எதற்கு? இரண்டாவது எதிர்ப்பு இன்னும் கூர்மையானது: உயர்ந்த கலை எங்களிடம் இருக்கிறது, அதை உங்களுக்குக் கொண்டு வந்தோம் என்று சொல்வது இரக்கத்தின் உடை அணிந்த இறுமாப்பு அன்றோ? இவ்விரண்டும் எளிதில் ஒதுக்கத்தக்கவை அல்ல. ஏழையின் வாயிலுக்கு வரும் இசை தருமமா, அல்லது அவருக்குரிய பங்கா? இதுவே இங்கு நாம் சிந்திக்கவேண்டிய வினா.

இவ்வினாவிற்கு விடை தேட, கடல் கடந்து ஜெர்மனி வரை சென்று வருவது பயன் தரும்.

மேலை இசையில் 'சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா' என்றோர் அமைப்பு உண்டு. சேம்பர் என்றால் அறை. பெரிய இசைக்குழுவில் நூறு பேர் இருக்கலாம். இங்கோ அதிற் பாதிகூட இருப்பதில்லை. அந்த அறை தொடக்கத்தில் யாருடைய அறை? அரசர்க்கும் பிரபுக்களுக்கும் உரிய அரண்மனை அறை. ஜோசப் ஹைடன் 1761இல் எஸ்தர்ஹாசி பிரபுவின் பணியில் சேர்ந்தபோது, வேலையாட்களைப் போலச் சீருடை அணியவேண்டும் என்பது ஒப்பந்தம். அவர் இயற்றும் இசை பிரபுவுக்கே உரியது. பிறருக்குக் கொடுக்கலாகாது என்பதும் அதே ஒப்பந்தம். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அவர் லண்டனுக்குச் சென்று, 1791 முதல் 1795 வரை பன்னிரண்டு சிம்பொனிகளை இயற்றினார். அவற்றைக் கேட்டவர்கள் பணம் கொடுத்து வந்த நகர மக்கள். அரண்மனை அறையிலிருந்து கட்டண அரங்குக்கு வந்தது இசை. கதவு முன்னிலும் அகலமாயிற்று. ஆயினும் அது கதவுதான்.

அந்தக் கதவையும் கடந்த ஒரு குழு பிரேமன் நகரின் ஜெர்மன் காமர்பில்ஹார்மனி. 1980இல் இசை மாணவர்கள் சிலர் கூடி உருவாக்கிய இக்குழு, 1992இல் பிரேமனைத் தன் இருப்பிடமாக்கிக் கொண்டது. குழுவினரே நிறுவனத்தின் பங்குதாரர்கள். இலாபமோ இழப்போ அவர்களையே சாரும். எஸ்தர்ஹாசியின் சீருடையிலிருந்து இது எத்துணை தூரம்! 2004 முதல் எஸ்தோனியரான பாவோ யார்வியின் தலைமையில் அவர்கள் பேத்தோவனின் ஒன்பது சிம்பொனிகளை இசைத்து உலகப் புகழ் பெற்றனர். பின்னர் ஷூமனின் நான்கும், பிராம்ஸின் நான்கும், ஹைடனின் லண்டன் சிம்பொனிகளும் தொடர்ந்தன. பெரிய குழுவின் முழக்கத்தில் மறைந்துவிடும் குழலோசையும் முரசொலியும் சிறிய குழுவில் தனித்தனியே தெளிவாய்க் கேட்கும். அங்கே ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ள இயலாது. தம் கருவியை வாசிப்பதோடு, அடுத்தவர் வாசிப்பதை ஒவ்வொருவரும் உற்றுக் கேட்டாக வேண்டும்.

2007இல் இக்குழு தன் பயிற்சிக் கூடத்தை நகரின் கிழக்கே ஒஸ்டர்ஹோல்ஸ்-டெனேவர் பகுதியிலுள்ள ஒரு பள்ளிக்குள் அமைத்துக்கொண்டது. உயர்ந்த அடுக்குமாடிகளும் வறுமையும் நிறைந்த பகுதி அது. பல நாடுகளிலிருந்து குடிபெயர்ந்தோர் வாழ்வது. உலகின் பெரிய அரங்குகளில் வாசிப்போர், மறுநாள் காலை அப்பிள்ளைகள் நடக்கும் தாழ்வாரத்திலேயே தங்கள் கருவிகளோடு நடந்தனர். பிள்ளைகள் பயிற்சியில் உடனமர்ந்து கேட்டனர். இசைக்குழுவுடன் சேர்ந்து மேடையேறவும் செய்தனர். பேத்தோவன் தம் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதியில், மானிடரின் உடன்பிறப்புணர்வைப் போற்றும் ஷில்லரின் கவிதைக்கு இசையமைத்தார். அதனை வசதியானோர் நடுவில் மட்டுமே வாசித்துவிட்டு வீடு திரும்பும் குழுவுக்கும், எளியோர் நடுவில் இருந்துகொண்டு வாசித்துப் பழகும் குழுவுக்கும் வேறுபாடு உண்டல்லவா?

இவ்வேறுபாட்டில்தான் நம் வினாவிற்கான விடை அடங்கியுள்ளது. தருமம் செய்பவர் வருகிறார், கொடுக்கிறார், போகிறார். கொடுத்த கை மேலே, வாங்கிய கை கீழே. பங்கிடுபவரோ உடன் தங்குகிறார். தங்குவதால் பெறவும் செய்கிறார். புனித தாமஸ் அக்குவினாஸ் பிச்சையிடுதலை அன்பின் செயலாகவும், அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு வழங்குதலை நீதியின் செயலாகவும் பிரித்துக் காட்டுகிறார். உரியதைக் கொடுத்துவிட்டு வள்ளல் என்று பெயர் வாங்க எவருக்கும் உரிமை இல்லை. உடல் களைத்தால் ஓய்வு தேவைப்படுவது போல, உள்ளம் களைத்தால் அதற்கு மகிழ்வும் விளையாட்டும் தேவை என்றும் அப்புனிதரே கற்பிக்கிறார். வயலின் எதற்கு என்னும் முதல் எதிர்ப்புக்கு இது போதிய விடை. வலையும் படகும் வேண்டும்தான். அவற்றிற்காக வாதாடுவது நம் கடன். ஆனால் ஏழையின் உள்ளம் களைப்பதில்லை என்றோ, அழகு அவருக்குத் தேவையில்லை என்றோ தீர்ப்பிட நாம் யார்?

இரண்டாம் எதிர்ப்புக்கு விடையளிப்பது பறை. குப்பத்து மேடையில் கர்நாடக இசை மட்டுமே ஒலித்திருந்தால், அது எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டிருப்பினும் தருமமாகவே முடிந்திருக்கும். சாவு வீட்டிற்கும் தெருவிற்கும் உரியதென ஒதுக்கப்பட்ட கருவி அதே மேடையில், அதே ஒளியில், அதே மரியாதையோடு முழங்கியபோது, பாடவந்தவர் கேட்பவரானார். பெசன்ட் நகரின் மாடி வீடுகளிலிருந்து வந்தோர் மணலில் அமர்ந்து அதைக் கேட்டனர். யார் பாடுகிறார் என்பதைக் காட்டிலும் யார் கேட்கிறார் என்பதே பங்கீட்டின் அளவுகோல். எனினும் ஒன்றை மறவாதிருப்போம்: விழா ஆண்டில் சில மாலைப்பொழுதுகள், பள்ளிக்குள் அமைந்த பயிற்சிக் கூடமோ ஆண்டு முழுவதும் இருப்பது. விழா கதவைத் திறந்தது பெருஞ்செயல். திறந்த கதவு வழியே நாள்தோறும் போய்வருவது அதினும் கடினமானது.

இச்சிந்தனை நம் ஆலயங்களையும் தொடுகிறது. 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, வழிபாட்டில் இறைமக்கள் அனைவரும் முழுமையாகப் பங்கேற்க வேண்டும் எனக் கேட்டது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பு அளிக்கப்பட வேண்டும் என்றும் கூறியது. சில ஆலயங்களில் பறை இன்று பீடத்தின் அருகே ஒலிக்கிறது. வேறு சிலவற்றில் அது கல்லறைப் பாதையோடு நின்றுவிடுகிறது. நம் பாடகர் குழுவில் இடம்பெறுவோர் எந்தத் தெருவினர்? திருவிழாவின் முதல் நாள் யாருடையது, கடைசி நாள் யாருடையது? குழலூதும் பிள்ளைக்கு மேடையும், பறையடிக்கும் பிள்ளைக்கு வாசலும் என்று நாமே வகுத்து வைத்திருக்கிறோமா?

நம் தமிழில் ஆலயத்தைச் சார்ந்த சமூகத்தைப் 'பங்கு' என்கிறோம். பெயரிட்ட நம் முன்னோர் எதை எண்ணினரோ, அச்சொல்லின் நேர்ப்பொருள் நம்மை விடுவதில்லை. பங்கு என்றால் பகிர்ந்து கொள்ளப்படுவது. எவரும் தனக்கென வைத்துக்கொள்ள இயலாதது. வரும் திருவிழாவிற்கு இசை நிகழ்ச்சி ஏற்பாடு செய்கையில், யாரை அழைத்துப் பாடச் செய்யலாம் என்று எண்ணுவதோடு நின்றுவிடாமல், இதுவரை யாருடைய இசைக்கு நாம் செவிகொடுக்கவில்லை என்றும் கேட்டுப் பார்ப்போமாக.